இத்தாலியன் டெலியில் சாப்பாடு, கவனிப்பு, பில்: நம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் கிழக்குக் கரையில், அறுகம்பே பக்கம் சீசன் தொடங்கி இத்தாலியச் சாப்பாட்டுக் கடைகள் திறந்தால், கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று ஊரூராக நம்மாக்களும் போய் வருகிறார்கள். வந்த பிறகு பாதிப் பேர் "அருமை" என்கிறார்கள், மீதிப் பேர் "காசு வீண்" என்கிறார்கள். அந்தக் "காசு வீண்" கதைகளைக் கிளறிப் பார்த்தால் ரெண்டு சங்கதி கலந்து கிடக்கும். இத்தாலியச் சாப்பாட்டின் இயல்பே அப்படி என்று தெரியாமல் வந்த ஏமாற்றம் ஒன்று. கடைக்காரர் விட்ட பிழை மற்றது. முதலாவதுக்குக் கடையைத் திட்டிப் பயனில்லை. ரெண்டாவதைச் சும்மா விடவும் கூடாது. எது எது என்று பிரித்துக் காட்டத்தான் இந்தப் பதில்கள்.

டெலி என்றால் என்ன? அதுவும் றெஸ்டோரன்ட்தானே?

பாதி கடை, பாதி சாப்பாட்டு மேசை. இத்தாலியில் இதைச் சலுமெரியா என்பார்கள். உள்ளே போனதும் கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி, சீஸ் வகை, ஒலிவ் காய், எண்ணெயில் ஊறிய மரக்கறி. மேலே கொக்கியில் சலாமி தொங்கும். வேண்டியதை 100 கிராம் கணக்கில் கேட்டால், மிசினில் மெல்லிசாக வெட்டித் தாளில் சுற்றித் தருவார்கள். பாணுக்குள் வைத்துக் கேட்டால் அதற்குப் பெயர் பனினோ.

நம்ம கரையில் தனி டெலி அபூர்வம். அறுகம்பேயில், பொத்துவில் ஆக்களின் பேச்சில் உல்லையில், பீட்சா அடுப்பு, பாஸ்டா, கோப்பி எல்லாம் சேர்ந்த கலவைக் கடைதான் பெரும்பாலும். போனதும் மெனுவுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். பெட்டி சுத்தமாக, விலைச்சீட்டோடு, நல்ல குளிரில் இருந்தால் இறைச்சி, சீஸ் வகையை நம்பி எடுக்கலாம். வாடிய சீஸ் ரெண்டு மட்டும் மூலையில் கிடந்தால் பீட்சாவோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

எல்லாம் ஆறிப்போய் வந்தது. அளவும் கொஞ்சம். இது ஏமாற்றா?

பதப்படுத்திய இறைச்சியும் சீஸும் ஆறிய நிலையில்தான் சாப்பிடப்படும். சூடாக்கினால் கொழுப்பு உருகி, உப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அளவும் அப்படித்தான். புரொஷூட்டோ என்பது பன்றியின் பின்தொடையை உப்பில் போட்டு, ஒரு வருசத்துக்கு மேல் காற்றில் தொங்கவிட்டு எடுப்பது. ஒரு மெல்லிய துண்டே போதுமான உப்பு. சோற்றுக் கோப்பைக் கணக்கில் பார்த்தால் வயிறு நிறையாது. பசியோடு போனால் பீட்சாவோ பாஸ்டாவோ சொல்லுங்கள். இறைச்சித் தட்டை நாலு பேர் நடுவில் வைத்துக் கடியுங்கள்.

ஆனால் பாஸ்டா ஆறி வந்தால், பீட்சாவின் சீஸ் இறுகி வந்தால், அது கடையின் பிழைதான். திருப்பி அனுப்புங்கள்.

எது பன்றி, எது மாடு? ஹலால் பற்றி எப்படி விசாரிப்பது?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை தமிழரும் முஸ்லிம்களும் ஊருக்கு ஊர் மாறி மாறி இருக்கிற பகுதி இது. ஒரே மேசையில் மாடு தொடாதவரும் பன்றி தொடாதவரும் இருப்பது சாதாரணம். ஆகவே இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில்.

புரொஷூட்டோ, மோர்ட்டடெல்லா, பன்செத்தா, குவான்சாலே எல்லாம் பன்றி. சலாமியும் வழக்கமாகப் பன்றிதான். கோழியிலும் மாட்டிலும் செய்கிற சலாமி வேறாக உண்டு, கேட்டுத்தான் அறிய வேண்டும். பிரெசாவோலா மட்டும் மாடு. லொம்பார்டியின் வால்தெல்லினா பள்ளத்தாக்குச் சரக்கு, கடும் சிவப்பு, கொழுப்பே இருக்காது. மாடு என்பதற்காக அது ஹலால் ஆகிவிடாது. அறுத்த முறை தெரியாமல் இத்தாலியில் பொதி செய்து வந்த மாட்டிறைச்சி எப்படி ஹலாலாகும்? "பன்றி இல்லை" என்ற பலகையையும் ஹலால் சான்றிதழையும் ஒன்றாக எடுக்காதீர்கள். 2013 முடிவு வரை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிய சான்றிதழை 2014 முதல் ஹலால் அக்ரெடிட்டேஷன் கவுன்சில் வழங்குகிறது. கடையில் அந்தச் சான்றிதழ் இருந்தால், திகதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

போலொனேஸே சோஸில் மாடு இருக்கும், பல சமையலில் பன்றியும் சேரும். கார்பொனாராப் பாஸ்டாவில் பன்றியின் தாடைக் கொழுப்பு. இறைச்சி சோஸிலும் ரிசொட்டோ என்ற அரிசிச் சாப்பாட்டிலும் வைன் ஊற்றுவது வழக்கம். திரமிசு என்ற இனிப்பில் சில பேர் மர்சாலா வைன் அல்லது றம் சேர்ப்பார்கள். பன்ன கொத்தா என்ற பாலாடைப் புடிங் உறைவது ஜெலட்டினில். அது பன்றியா மாடா என்பது பொதியில்தான் இருக்கும். சிசிலியின் கன்னோலி என்ற இனிப்பின் ஓட்டுக்கும் ரொமாஞ்ஞாவின் பியதினா ரொட்டிக்கும் பழைய முறையில் பன்றிக் கொழுப்பு போடுவார்கள். பலெர்மோவில் நம்ம தமிழ் ஆக்கள் கணிசமாக இருக்கிறார்கள். அங்கேயிருந்து லீவில் வரும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், கன்னோலிக் கதையை அவர்களே சொல்வார்கள்.

அதைவிட முக்கியம், வெட்டும் மிசின். எல்லா இறைச்சிக்கும் ஒரே மிசின் பாவிக்கும் கடைகள் உண்டு. சம்மாந்துறைப் பெரியவர் ஒருவர் கவுண்டரில் விசாரித்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, இந்த மிசின்ல இதுக்கு முன்ன என்ன வெட்டின?"

"ஹாம், காக்கா."

"பன்டியா?"

"ஓம் காக்கா."

"சரி மகன். அப்ப எனக்கு மரக்கறி பீட்சா ஒண்டு. அந்த உருளைக் கத்தியால வெட்டாம முழுசாத் தா. நான் கையால பிச்சிக்கிறன்."

பையனும் முகம் கோணாமல், புதுத் தட்டு எடுத்து, முழுசாகவே கொண்டுவந்து வைத்தான். கேட்கவும் வேண்டும், உண்மையைச் சொல்லவும் வேண்டும். இதைவிட நல்ல கவனிப்பு ஒரு கடையில் கிடைக்காது என்பேன். "எல்லாம் ஹலால்தான் சேர்" என்று கேட்டு முடிக்கும் முன்னமே தலையாட்டும் கடையில்தான் எனக்குச் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை, விரத நாள். சைவம் மட்டும் சாப்பிட முடியுமா?

முடியும், ஆனால் சீஸில் கவனம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ ரெண்டிலும் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியம் போடுகிறார்கள். அதைச் சைவமாக எடுப்பதா இல்லையா என்பது உங்கள் வீட்டு முடிவு. பெஸ்டோ என்ற பச்சை இலைச் சோஸிலும் அந்த சீஸ் கலந்திருக்கும். மினெஸ்த்ரோனே சூப் பேருக்கு மரக்கறி. அடியில் பன்செத்தாவோ இறைச்சித் தண்ணியோ இருக்கலாம். புத்தனெஸ்கா சோஸில் நெத்தலி மாதிரி உப்பு மீன் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது மரினாரா பீட்சா. தக்காளி, உள்ளி, ஒரெகானோ, ஒலிவ் எண்ணெய், வேறொன்றும் இல்லை. பெயரைப் பார்த்துக் கடலுணவு என்று நினைத்து அதை ஒதுக்குகிறவர்கள் நிறைய.

சீஸில் பூஞ்சணம், சலாமித் தோலில் வெள்ளை மா. பழுதானதைத் தந்துவிட்டார்களா?

அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான், அதிகமாகப் பிழையாக வரும் முறைப்பாடும் இதுதான்.

சலாமியின் வெளித்தோலில் வெள்ளைப் பொடி படிந்திருப்பது நல்ல பூஞ்சணம். அதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். கோர்கொன்சோலா சீஸில் பச்சை, நீல நரம்பு ஓடுவதும் அப்படியே. பார்மிஜானோவைக் கடிக்கும்போது பல்லில் மணல் போல வெள்ளைக் கட்டி நெருடும். நாள்பட முதிர்ந்த சீஸின் அடையாளம் அது, குறைந்தது 12 மாதம் வைத்த பிறகுதான் அந்தப் பெயரில் விற்கவே விடுகிறார்கள். புரொஷூட்டோவில் வெள்ளைக் கொழுப்பு நாடா தெரிந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள், ருசி அதில்தான்.

கெட்டதன் அடையாளம் வேறு. வெட்டிய இறைச்சி விரலில் வழுவழுவென்று ஒட்டினால், புளித்த வாடை அடித்தால், ஓரம் காய்ந்து சாம்பல் நிறமானால், தொடாதீர்கள். மொசரெல்லா புளித்தால், ஒலிவ் எண்ணெய் காறல் வாடை அடித்தால், அதுவும் அப்படியே. வெட்டாத முழுச் சலாமி வெளியில் தொங்கலாம். வெட்டிய துண்டுகளும் மென்மையான சீஸும் 5 பாகை செல்சியஸுக்கு மேல் நிற்கக்கூடாது. மின்சாரம் போய் வந்த நாளில் "ஜெனரேட்டர் இருக்கா?" என்று கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். நம்ம வெயிலில் அந்தக் கேள்வி நியாயமானது, நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

பாஸ்டா வேகவில்லை, பீட்சா அடி கருகிவிட்டது. திருப்பி அனுப்பலாமா?

பாஸ்டா பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். இடியப்பம் போல நசிந்தால்தான் பிழை. கடிக்கும்போது நடுவில் மாவு வெள்ளையாக, பல்லில் ஒட்டினால் அதுவும் பிழை. ரெண்டுக்கும் நடுவில் இருந்தால் சாப்பிடுங்கள்.

பீட்சா அடியில் சிறுத்தைப் புள்ளி போலக் கறுப்பு இருப்பது விறகு அடுப்பின் வேலை. நாப்பொலி முறையில் அடுப்பு 400 பாகைக்கு மேல் எரியும், பீட்சா 60 முதல் 90 செக்கனில் வெளியே வந்துவிடும். அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2017 இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நடுப்பகுதி ஈரமாகத் தொய்வதும் அந்த முறைதான். அடி முழுவதும் கரியாகிக் கசந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

உறைப்பே இல்லையே?

இல்லைதான். மிளகாய்த்தூள் கேளுங்கள், தருவார்கள். கட்டுச்சம்பல் கொண்டுபோய் மேசையில் திறந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். சமையல்காரர் வெளியே வந்து ஒரு வாய் கேட்டு வாங்கினார்.

எருமைப்பால் மொசரெல்லா ஏன் அவ்வளவு விலை? நம்ம எருமைத் தயிர் முட்டி மலிவாகக் கிடைக்கிறதே?

நாப்பொலி, கசெர்த்தா, சலெர்னோ பக்கத்து எருமைப்பாலில் செய்கிற மொசரெல்லாவுக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. செய்து சில நாளுக்குள் சாப்பிட வேண்டிய பொருள் அது. விமானம், கொழும்புத் தீர்வை, பிறகு குளிர்ப்பெட்டியில் கிழக்குக்கு நீண்ட லொறிப் பயணம். விலை ஏறாமல் என்ன செய்யும்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய தில்லுமுல்லு. எருமைப்பால் மொசரெல்லா பீங்கான் வெள்ளையாக இருக்கும், வெட்டினால் பால் கசியும். மெனுவில் "எருமை" என்று போட்டு, மஞ்சள் கலந்த, றப்பர் போல இழுபடும் கட்டியைத் தந்தால் அது பசுப்பால் சீஸ். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. பசுப்பால் மொசரெல்லா என்று சொல்லியே விற்றால் ஒரு குறையும் இல்லை, பீட்சாவுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

மட்டக்களப்புப் படுவான்கரையில் இத்தனை எருமை மேய்கிறதே, யாராவது இங்கேயே செய்து பார்க்கக்கூடாதா என்று எனக்கு நெடுநாளாக ஆசை. தயிரோடு நின்றுவிடுகிறோம்.

அப்படியென்றால் எதைச் சொன்னால் காசுக்குப் பெறுமதி?

என்னைக் கேட்டால், கடல் சாமான். தூரத்திலிருந்து உறைந்து வந்த ஹாமை விட, காலையில் கரைக்கு வந்த கணவாயும் இறாலும் போட்ட ஸ்பகெட்டிதான் இங்கே சாப்பிட வேண்டியது. உள்ளி, ஒலிவ் எண்ணெய், கொஞ்சம் மிளகாய், அவ்வளவுதான் அதற்கு. மட்டக்களப்பில் வாவி நண்டு கிடைக்கிற நாளில் நண்டுப் பாஸ்டா செய்கிற இடம் அகப்பட்டால் விடாதீர்கள். மீன் பாஸ்டாவில் சீஸ் தூவ இத்தாலியர் சம்மதிக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், காசு கொடுப்பது நீங்கள்.

பில்லில் விலைக்கு மேல் என்னென்னவோ கூட்டியிருக்கிறார்களே?

வழக்கமாக ரெண்டு. சேவைக் கட்டணம் 10 சதவீதம். வற் வரி 18 சதவீதம், 2024 ஜனவரி முதல் இந்த வீதம். வற் வரிக்குப் பதிவு செய்த கடைதான் அதை அறவிடலாம், பதிவு இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். இலக்கம் இல்லாமல் வற் என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் "வரியும் சேவைக் கட்டணமும் புறம்பு" என்று இருக்கிறதா என்பதை ஓடர் கொடுக்கும் முன்னமே பார்த்துவிட்டால் பிறகு வாய்த்தர்க்கம் வராது.

சேவைக் கட்டணம் எடுத்த பிறகு டிப்ஸ் கட்டாயம் இல்லை. நல்லாய்க் கவனித்த பையனுக்குக் கையில் கொடுப்பது உங்கள் விருப்பம். தண்ணிப் போத்தல் கேட்காமல் வைத்துவிட்டுக் காசு எடுப்பதும் நடக்கிறது. வேண்டாமென்றால் மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுங்கள்.

வெள்ளைக்காரருக்கு ஒரு கவனிப்பு, நமக்கு ஒரு கவனிப்பு. என்ன செய்வது?

இது கற்பனை இல்லை, நடக்கிறது. பின்னால் வந்த வெள்ளைக்கார மேசைக்கு முதலில் மெனு போவதும், குடும்பத்தோடு வந்தவர்களை மூலையில் இருத்துவதும் நானே ஒரு கடையில் கண்டது. அதே நேரம், பரிமாறுகிற பிள்ளைகள் பெரும்பாலும் பொத்துவில், கோமாரி, பாணமைப் பக்கத்து ஆக்கள். மெனு இங்கிலிசில் இருப்பதால் நாமும் இங்கிலிசில் தடுமாறி, அவர்களும் தடுமாறி, அந்தக் குழப்பத்தையே அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிற சந்தர்ப்பமும் உண்டு. நேரே தமிழில் தொடங்குங்கள். "தம்பி, இது என்ன, எப்படிச் செய்யிற?" என்று கேட்டால் முகமே மாறிவிடும்.

"உள்ளூராக்களுக்கு இடமில்லை" என்று வாசலில் திருப்பினால் கதை வேறு. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகளுக்கும் பொது உணவகங்களுக்கும் போவதைத் தடுக்கக்கூடாது என்று இலங்கை அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரையே சொல்கிறது. சண்டை பிடிக்கத் தேவையில்லை. காரணத்தைக் கேளுங்கள், முதலாளியின் பெயரைக் கேளுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். இது வழமையா?

சீசன் இரவில் வழமைதான். அடுப்பு சின்னது, வரிசை பெரிசு. பீட்சா வேக ஒன்றரை நிமிசம் போதும் என்பதால், பிந்துவது ஓடர் நெரிசலால். ஏழு மணிக்கு முன்னம் போய் இருங்கள். ஓடரைச் சொல்லும்போதே "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால் வேறு கடை பாருங்கள்.

முறைப்பாடு செய்ய வேண்டியிருந்தால்?

முதலில் மேசையிலேயே, பாதி சாப்பிடும் முன். தட்டை வழித்துவிட்டுக் குறை சொன்னால் எந்தக் கடைக்காரரும் நம்பமாட்டார். பழுதான சாப்பாடு, அழுக்கு, எலி, கரப்பான் என்றால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி கடைக்குள் இறங்கிப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. விலை, பில் தகராறு என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, தொலைபேசி 1977. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது கடையின் கடமை. அதைப் பத்திரமாக வைத்திருங்கள், சீட்டு இல்லாத முறைப்பாடு பாதியில் நின்றுவிடும்.

இணையத்தில் நட்சத்திரம் போடுவதென்றால், எந்தச் சாப்பாடு, எந்த நாள், என்ன குறை, சொன்னபோது அவர்கள் என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். "உறைப்பில்லை, ஒரு நட்சத்திரம்" என்பது இத்தாலிக்குப் போட்ட நட்சத்திரம், கடைக்கு இல்லை. பரிமாறிய பிள்ளையின் பெயரைப் போட்டுத் திட்டாதீர்கள், சீசன் வேலை போய்விடும்.

சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் எதைத் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள் சமைக்காத பதப்படுத்திய இறைச்சியையும், கோர்கொன்சோலா போன்ற மென்மையான பூஞ்சணச் சீஸையும் தவிர்க்க வேண்டும். திரமிசுவில் பச்சை முட்டை போடுவது வழக்கம். அதில் கோப்பியும் உண்டு. ரெண்டு பேருக்கும் அது வேண்டாம். பிள்ளைகளுக்கு மார்கரீத்தா பீட்சா, தக்காளிச் சோஸ் பாஸ்டா, ஜெலாத்தோ என்ற ஐஸ்கிறீம் போதும்.

சீஸும் சலாமியும் மட்டக்களப்புக்குக் கட்டிக் கொண்டுபோகலாமா?

பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ்ஸில் கல்முனையில் மாறி, நின்று நின்று போனால் மதியம் தாண்டிவிடும். பார்மிஜானோ போன்ற கடின சீஸும் வெட்டாத சலாமியும் தாளில் சுற்றினால் தாங்கும். வெட்டிய ஹாம், மொசரெல்லா, றிக்கொத்தா போன்ற மென்மையான சீஸ் ஐஸ்பெட்டி இல்லாமல் வேண்டாம். கடையில் காற்றிழுத்து ஒட்டித் தரும் மிசின் இருந்தால் அதில் போடச் சொல்லுங்கள், பொதியில் வெட்டிய திகதியையும் எழுதிக் கேளுங்கள். வீட்டுக்குப் போனதும் கடின சீஸை மெழுகுத்தாளில் சுற்றிப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கருவாட்டுப் பொதிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்; சீஸ் அந்த வாசத்தை அப்படியே குடித்துவிடும்.